ரோரி ஸ்டூவர்ட் யார், ஆட்டுமந்தைத் தொகுதியில் எம்.பி. ஆனது எப்படி, ஏன் பிரதமர் ஆகவில்லை?

கேள்வி இதுதான்: டோனி பிளேரிடம் வேலை பார்த்த அலஸ்டர் கேம்ப்பெலோடு சேர்ந்து பாட்காஸ்ட் செய்கிறாரே ரோரி ஸ்டூவர்ட், அவர் நிஜமாகவே கன்சர்வேட்டிவ் எம்.பி.யாக இருந்தவரா? அதுவும் ஏதோ பட்டிக்காட்டுத் தொகுதியாமே? பின்னணி என்ன, இவ்வளவு விவரம் தெரிந்த ஆள் ஏன் பிரதமர் ஆகவில்லை?

நிஜம்தான். 2010 மே முதல் 2019 கடைசி வரை எம்.பி., அதில் கடைசிச் சில வாரம் மட்டும் கட்சி இல்லாமல். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஆப்கானிஸ்தான் என்று சாகசக் கதையாகத்தான் ஆரம்பிப்பார்கள். நான் தொகுதியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடைசியில் அவருக்கு என்ன நடந்தது என்பது தொகுதியை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

தொகுதியின் பெயர் பென்ரித் அண்ட் த பார்டர். இங்கிலாந்தின் வடமேற்கு மூலை, கம்ப்ரியா. பெயரில் இருக்கிற பார்டர் ஸ்காட்லாந்து எல்லை. பரப்பளவில் அப்போது இங்கிலாந்திலேயே பெரிய தொகுதி, ஜனம் மட்டும் அங்கங்கே சிதறிக் கிடக்கும். பென்ரித் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ஒரு இடிந்த கோட்டை நிற்கும். ஊரைத் தாண்டினால் கல் அடுக்கிய குட்டைச் சுவர்கள், சுவருக்குள்ளே செம்மறி ஆடுகள், அதற்கு மேலே வேலியே இல்லாத மொட்டை மலை, அங்கேயும் ஆடுகள்தான். ஆப்பிள்பி, கர்க்பி ஸ்டீஃபன், ஆல்ஸ்டன், பிராம்ப்டன், லாங்டவுன், விக்டன் என்று சின்னச் சின்னச் சந்தை ஊர்கள். இந்த மாதிரி ஊர்களில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு, அதாவது டோரிகளுக்கு, ஓட்டுப் போடுவது கொள்கையை விடப் பரம்பரைப் பழக்கம் என்றே சொல்லலாம்.

1955 முதல் 1983 வரை இங்கே எம்.பி. வில்லி வைட்லா. பிரதமர் தாட்சருக்குத் துணைப் பிரதமர் மாதிரி இருந்தவர், அவர் அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். 1983 பொதுத் தேர்தலில் ஜெயித்த கையோடு அவரைப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பிவிட்டார்கள், சில வாரத்திலேயே இடைத்தேர்தல். இப்போதுதானே ஓட்டுப் போட்டோம், மறுபடியும் வரிசையில் நில்லு என்கிறாயா என்று ஜனத்துக்குக் கோபமோ என்னவோ, டோரி வேட்பாளர் டேவிட் மக்ளீன் வெறும் 552 ஓட்டில்தான் கரையேறினார். அதன் பிறகு அவரும் 2010 வரை அசையவில்லை. ஆக 55 வருடத்தில் இரண்டே எம்.பி. இந்த 552-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் இந்தத் தொகுதி யாராலும் தொட முடியாத கோட்டை என்று நினைத்துவிடுவோம்.

அப்புறம் 2001. கோமாரி நோய் வந்த வருடம். பிப்ரவரியில் லாங்டவுன் ஆட்டுச்சந்தைக்கு வந்த ஆடுகள் அங்கிருந்து லாரி லாரியாக நாடு முழுக்கப் போனதில் நோயும் கூடவே போனது. பிரிட்டன் முழுவதும் 2,026 இடங்களில் நோய் உறுதியானது, அதில் 893 கம்ப்ரியாவில். நோய் வந்த பண்ணை மட்டுமில்லை, பக்கத்துப் பண்ணை, அதற்குப் பக்கத்துப் பண்ணை என்று எல்லா ஆட்டையும் சுட்டார்கள். கடைசியில் ராணுவத்தைக் கூப்பிட்டு, கிரேட் ஆர்ட்டன் என்ற பழைய விமானத்தளத்தில் குழி வெட்டி லட்சக்கணக்கான ஆடுகளைப் புதைத்தார்கள். இதில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் உண்டு. மலையில் வேலி கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் சரிவை விட்டு நகராது. இந்த இடம் நம்முடையது என்று தாய் ஆடு குட்டிக்குப் பழக்கும், குட்டி தன் குட்டிக்குப் பழக்கும். பல தலைமுறையாக வந்த பழக்கம். அந்த மந்தையைச் சுட்டுவிட்டு நஷ்டஈட்டுப் பணத்தில் புது ஆடு வாங்கி விட்டால், அதற்கு மலை தெரியாது, கண்ட இடத்துக்குப் போகும். பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் அது.

அந்த வருடம் ரோரி ஸ்டூவர்ட் ஆசியாவில் எங்கேயோ நடந்துகொண்டிருந்தார்.

சரி, இப்போது ஆளுக்கு வருவோம். 1973 ஜனவரியில் ஹாங்காங்கில் பிறந்தார். அப்பா பிரையன் ஸ்டூவர்ட், ஸ்காட்லாந்துக்காரர், இரண்டாம் உலகப்போரில் பிளாக் வாட்ச் படைப்பிரிவில் இருந்தவர், பிறகு மலாயாவில் காலனி அதிகாரி, சீன மொழி படித்தவர், எம்.ஐ.6 உளவுத்துறையில் உச்சிக்குப் பக்கத்தில் வரை போனவர். பிள்ளை வளர்ந்தது மலேசியாவிலும் ஸ்காட்லாந்திலும், படித்தது மேல்தட்டுப் பிள்ளைகளின் ஈட்டன் பள்ளி, அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரி. நடுவில் அப்பாவின் அதே பிளாக் வாட்ச்சில் சில மாதம். படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் இளவரசர்கள் வில்லியமுக்கும் ஹாரிக்கும் டியூஷன் எடுத்தார். இளவயதில் லேபர் கட்சி உறுப்பினராகவும் இருந்திருக்கிறார், இதை அவரே சொல்லியிருக்கிறார். வெளியுறவுத் துறையில் சேர்ந்து இந்தோனேசியா, பிறகு கொசோவோ போரை ஒட்டி மான்டினெக்ரோ. இதுவரைக்கும் மேல்தட்டுப் பையனுக்கு விதிக்கப்பட்ட பாதை. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் இன்று எங்கேயாவது தூதராக இருந்து ஓய்வுக்குக் காத்திருப்பார்.

2000-ல் வேலையை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். ஈரான், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம். கிட்டத்தட்ட 6,000 மைல், ஒன்றரை வருடத்துக்கு மேல், ராத்திரி எந்த ஊரில் இருட்டுகிறதோ அந்த ஊரில் யார் வீட்டிலாவது படுக்கை. தாலிபான் இருந்ததால் ஆப்கானிஸ்தானை மட்டும் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. 2001 கடைசியில் தாலிபான் விழுந்ததும் விட்ட துண்டை முடிக்கத் திரும்பி வந்து, 2002 ஜனவரியில், நடுக் குளிர்காலத்தில், ஹெராத்திலிருந்து மலைகளுக்கு நடுவே காபூல் வரை நடந்தார். ஒரு மாதத்துக்கு மேல். வழியில் ஒரு ஊரில் கிடைத்த பெரிய காவல் நாய் ஒன்றும் கூட வந்தது, அதற்குப் பாபர் என்று பெயர் வைத்தார், ஏனென்றால் முகலாய பாபரும் குளிர்காலத்தில் அந்த வழியாகத்தான் காபூலுக்குப் போனார். பாரசீகம் பேசத் தெரிந்ததால்தான் இது முடிந்தது, வெறும் தைரியத்தால் இல்லை. இந்த நடையை எழுதித்தான் பெயர் வாங்கினார். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது வேறொன்று என்பது என் கணிப்பு: தலைநகரத்தில் உட்கார்ந்து கிராமத்துக்குத் திட்டம் போடுகிறவனுக்கு அந்தக் கிராமத்தைப் பற்றி எதுவும் தெரியாது. பின்னால் அவர் பேசியது எல்லாமே இந்த ஒரே ராகத்தின் ஆலாபனைதான்.

2003-ல் இராக் போர் முடிந்த கையோடு, 30 வயதில், மைசான் மாகாணத்தில் ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் துணை அதிகாரி. பல லட்சம் மக்கள், அரபி அரைகுறை, பழங்குடித் தலைவர்கள், ஆயுதக் குழுக்கள், பட்டுவாடா செய்யக் கட்டுக் கட்டாக டாலர். பிறகு நசிரியாவில் இருந்தபோது ஷியா மதத் தலைவர் முக்ததா அல் சதரின் படையினர் இவர்கள் இருந்த வளாகத்தையே முற்றுகையிட்டுக் குண்டு போட்டார்கள். போரை முதலில் ஆதரித்தவர், அங்கே இருந்து பார்த்த பிறகு அது தப்பு என்று சொன்னவர். 2006-ல் காபூல் போய் டர்க்வாய்ஸ் மவுன்டன் என்ற அமைப்பைத் தொடங்கினார். அப்போது இளவரசராக இருந்த சார்லஸும் ஆப்கன் அதிபர் கர்சாயும் கேட்டுக்கொண்டதால் வந்தது அது. முராத் கானி என்ற பழைய பேட்டையில் ஆளுயரத்துக்கு ஏறிக் கிடந்த குப்பையை அள்ளி, மண்வீடுகளைச் செப்பனிட்டு, மரவேலை, மண்பாண்டம், எழுத்தணிக் கலை சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்தார்கள். அதன் பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். ஒபாமா ஆப்கானிஸ்தானுக்குப் படையைக் கூட்டலாமா என்று யோசித்த 2009-ல் அமெரிக்க செனட் குழு முன்னால் போய், கூட்டாதீர்கள், குறைத்து வைத்து நீண்ட நாள் இருங்கள் என்றார். கேட்டார்கள், ஆனால் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட ஆள் கம்ப்ரியாவுக்கு எப்படி வந்தார்? 2009 மே மாதம் பிரிட்டனில் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல் வெடித்தது. அரசாங்கப் பணத்தில் அகழி தூர் வாரியவர், வாத்துக்கு வீடு கட்டக் கணக்குக் கொடுத்தவர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்ததும், டோரி தலைவர் கேமரன் அரசியலில் இல்லாதவர்களும் வேட்பாளராக விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்தார். ஸ்டூவர்ட் விண்ணப்பித்தார். பிராக்னெல் என்ற லண்டன் பக்கத்துத் தொகுதியில் முயன்று கிடைக்கவில்லை. மக்ளீன் உடல்நிலை காரணமாக விலகவே பென்ரித் காலியானது, 2009 அக்டோபரில் வேட்பாளர் தேர்வு, கட்சி உறுப்பினர் இல்லாத உள்ளூர்க்காரர்களும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாம் என்ற வகைக் கூட்டம். அதில் ஜெயித்தார். வெளியூரிலிருந்து இறக்கிய அசல் பாராசூட் வேட்பாளர்தான், இதில் மறைக்க எதுவுமில்லை. ஆனால் வந்தவர் தெரிந்த வித்தையைக் காட்டினார்: தொகுதியைக் கால்நடையாகச் சுற்றினார், ஊர் ஊராகப் போய் ராத்திரி யார் வீட்டிலாவது தங்கினார். ஆப்கன் மலையில் செய்ததையே ஆல்ஸ்டன் மலையில் செய்தார், டீயில் மட்டும் பால் சேர்ந்தது. 2010 மே தேர்தலில் 11,241 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி.

அடுத்த இரண்டே மாதத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு ஸ்காட்டிஷ் பத்திரிகை நிருபரிடம், இங்கே சில பகுதிகள் ரொம்பப் பின்தங்கியவை, ஆட்கள் கயிற்றுத் துண்டால் கால்சட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார், அது அச்சில் வந்துவிட்டது. அந்தக் கயிறு என்ன என்று சொல்லிவிடுகிறேன். வைக்கோல் பேல் கட்டுகிற பிளாஸ்டிக் கயிறு, ஆரஞ்சு, நீலம் என்று பளிச்சென்று இருக்கும். பேலைப் பிரித்ததும் அறுத்த கயிற்றைப் பண்ணைக்காரர் தூக்கிப் போட மாட்டார், சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். படல் கதவு தொங்கினால் அதுதான் கீல், நாய்க்கு அதுதான் சங்கிலி, பொத்தான் போன மழைக்கோட்டுக்கு அதுதான் பெல்ட். நமக்குச் சணல் மாதிரி. அதைக் கட்டியிருக்கிறவர் ஏழை என்று அர்த்தமில்லை, ஆயிரம் ஆடு வைத்திருப்பவராகவும் இருக்கலாம். ஆக அவர் சொன்னதில் கண்ணால் பார்த்தது சரி, புரிந்துகொண்டதுதான் தப்பு, அதுவும் கிராமங்களைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய ஆள். உடனே மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருடம் ஆனபிறகும் அவர் பெயரோடு அந்தக் கயிறும் சேர்ந்தேதான் வருகிறது.

ஆனால் தொகுதி வேலையில் குறை சொல்ல முடியாது. கிராமத்து எம்.பி.யின் அன்றாடம் என்ன என்பது பலருக்குத் தெரியாது. வாரத்தில் திங்கள் முதல் வியாழன் வரை லண்டன், வியாழன் ராத்திரி மூன்று மணி நேர ரயில், வெள்ளிக்கிழமை குறை கேட்பு. அதற்கு அங்கே சர்ஜரி என்று பெயர், டாக்டர் பார்க்கிற மாதிரி ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள்: மானியம் வரவில்லை, பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பக்கத்து நிலத்துக்காரர் பாதையை அடைத்துவிட்டார், பிராட்பேண்ட் கிடையாது. இந்தக் கடைசியைத்தான் அவர் கையில் எடுத்தார். பண்ணைக்காரர் மானியப் படிவத்தை இணையத்தில் நிரப்பு என்கிறது அரசு, அந்தப் பண்ணைக்கோ இணையம் இல்லை. 2010 அக்டோபரில் அரசு அறிவித்த நான்கு கிராமப்புற பிராட்பேண்ட் முன்னோட்டப் பகுதிகளில் கம்ப்ரியாவும் ஒன்றானது. சில ஊர்களில் ஜனமே மண்வெட்டி எடுத்து, தன் நிலத்தில் தானே குழி வெட்டி கேபிள் போட்டுக்கொண்டது. நிலத்துக்குள் கேபிள் போக அனுமதிக்குத்தான் கம்பெனிக்குச் செலவு அதிகம், நிலம் நம்முடையது என்றால் அந்தச் செலவு இல்லை, கணக்கு அவ்வளவுதான்.

2011 மே மாதம் அவர் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம்தான் எனக்கு அவர் செய்ததிலேயே உருப்படியானதாகத் தெரிகிறது. 4ஜி அலைக்கற்றை ஏலம் வரப்போகிறது, அதில் கம்பெனிகள் ஜனத்தொகையில் 95 சதவீதத்துக்கு சேவை தந்தால் போதும் என்று இருந்தது. பெரிதாகத் தெரியாத எண். ஆனால் விடுபடுகிற அந்த 5 சதவீதம் எங்கே இருக்கிறது? லண்டனிலா இருக்கும், முழுக்க அவர் தொகுதி மாதிரியான மலையூர்களில்தான். 98 ஆக்குங்கள் என்றார், கட்சி வித்தியாசம் இல்லாமல் எம்.பி.க்கள் சேர்ந்தார்கள், தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. 2013 ஏலத்தில் ஒரு உரிமத்துக்கு 98 சதவீதம் என்ற நிபந்தனை வந்தது. மூன்று சதவீதப் புள்ளிக்காக இரண்டு வருட வேலை. பாட்காஸ்டில் இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தில், கதை வேறு. முதல் ஐந்து வருடம் பிரதமர் கேமரன் இவருக்கு ஒரு பதவியும் தரவில்லை. 2012-ல் பிரபுக்கள் சபைச் சீர்திருத்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்ட 91 டோரிகளில் இவரும் ஒருவர், அது ஒரு காரணம். மற்றபடி ஒன்பது வருடமும் பெரும்பாலும் கொறடா சொன்ன பக்கம்தான் போனார், உதவித்தொகை வெட்டுகளுக்கும் சேர்த்து. இன்று அவரைக் கேட்டு உருகுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அங்கே ஓட்டெடுப்பு என்றால் மணி அடிக்கும், எட்டு நிமிடத்துக்குள் ஓடிப் போய் ஆமாம் கூடம், இல்லை கூடம் இரண்டில் ஒன்றுக்குள் நுழைய வேண்டும். மசோதாவைப் படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை, எந்தக் கூடம் என்று வாசலில் நிற்கும் ஆள் கை காட்டுவார். ஆப்கானிஸ்தான் பற்றி இங்கிலாந்திலேயே அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர், அந்த வரிசையில் ஆளோடு ஆளாக.

2014-ல் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவுக்குத் தலைவர் ஆனார். இது பிரதமர் தருகிற பதவி இல்லை, எம்.பி.க்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. 2015-ல் 19,894 வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்ததும் சுற்றுச்சூழல் துறையில் இளைய அமைச்சர். அங்கே அவர் செய்ததில் உலகம் பார்த்தது முள்ளெலி உரை. 2015 நவம்பரில் பிளிமத் எம்.பி. ஒருவர் முள்ளெலிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு சின்ன விவாதம் கேட்டார், ராத்திரி, சபை காலி, பதில் சொல்ல வேண்டியது ஸ்டூவர்ட். நாலு வரி வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். எழுந்து பதின்மூன்று நிமிடம் முள்ளெலியின் வரலாறு, தத்துவம், 1566-ல் அதைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்று இதே நாடாளுமன்றம் வைத்தது என்று ஒரே அருவி. சபாநாயகர் இருக்கையில் இருந்த அம்மாவே வியந்து பாராட்டினார். எனக்கும் பிடிக்கும். ஆனால் இவ்வளவு திறமையையும் காலி சபையில் முள்ளெலிக்குச் செலவழிக்கிற அமைப்பு அது என்பதும் அதே காட்சியில் தெரிகிறது.

அடுத்த மாதமே சிரிப்பு நின்றது. டெஸ்மண்ட் புயல். கம்ப்ரியாவின் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை, பிரிட்டனில் அதுவரை அப்படிப் பெய்ததாகப் பதிவில்லை. பக்கத்து நகரம் கார்லைல் மூழ்கியது, அவர் தொகுதியில் ஆப்பிள்பி மூழ்கியது. வெள்ளத்துக்குப் பொறுப்பான அமைச்சர் யார்? இவரேதான். பம்ப் எங்கே, மணல் மூட்டை எங்கே என்று சொந்த ஊர் ஜனம் கேட்கும்போது, அமைச்சரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று கைகாட்ட வழியில்லை.

பிறகு வளர்ச்சி உதவித் துறை, ஆப்பிரிக்கா, 2018 ஜனவரியில் சிறைத்துறை. ஒரு துறையில் கால் ஊன்றுவதற்குள் அடுத்தது, அங்கே இது சகஜம். சிறைத்துறைக்கு வந்தவர் பத்துச் சிறைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடத்தில் இங்கே போதைமருந்தும் அடிதடியும் குறையாவிட்டால் ராஜினாமா செய்கிறேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். உடைந்த ஜன்னலை மாட்டு, உள்ளே வருகிற எல்லோரையும் சோதனை போடு, இவ்வளவுதான் திட்டம். வருடம் முடிவதற்குள்ளேயே, 2019 மே 1-ம் தேதி, பதவி உயர்ந்து வளர்ச்சி உதவித் துறைக்குக் கேபினட் அமைச்சராகப் போய்விட்டார்.

பிரெக்ஸிட்டில் இவர் நிலை ஊருக்கே தெரியும்: ஐரோப்பிய யூனியனில் இருக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டார், தோற்ற பிறகு சரி, வெளியேறலாம், ஒப்பந்தத்தோடு வெளியேறுவோம் என்றார். அவர் தொகுதியின் பெரும்பகுதியான ஈடன் மாவட்டம் வெளியேறு பக்கம் ஓட்டுப் போட்டிருந்தது. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்துக்காக டிவி டிவியாகப் போய் வாதாடினார், அந்த வேகத்தில் ஒரு வானொலிப் பேட்டியில் 80 சதவீத ஜனம் இதை ஆதரிக்கிறது என்று அடித்துவிட்டு, எங்கிருந்து அந்த எண் என்று மடக்கியதும் நானாகச் சொன்னதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது நல்லதுதான், அடித்துவிடாமல் இருந்திருக்கலாம்.

தெரசா மே விலகியதும் கட்சித் தலைவர் போட்டி, ஜெயிப்பவர்தான் பிரதமர். இதில் அவர் செய்தது புதுசு. கையை நீட்டி போனைப் பிடித்துக்கொண்டு தானே படமெடுத்தபடி ஊர் ஊராக நடந்தார், எதிர்ப்பட்டவர்களோடு பேசினார், இன்று இந்த இடத்தில் நிற்கிறேன் வாருங்கள் என்று போட்டார். பழைய நடையேதான், கேமரா மட்டும் சேர்ந்தது. பொதுஜனத்துக்குப் பிடித்துப்போனது. ஆனால் முதல் கட்டத்தில் ஓட்டுப் போடுவது பொதுஜனம் இல்லை, 313 டோரி எம்.பி.க்கள். 2019 ஜூன் 13-ல் அவருக்கு 19 ஓட்டு, 18-ல் 37, அன்று ராத்திரி பிபிசி விவாதத்தில் ஐந்து பேரும் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருக்க இவர் நடுவில் டையைக் கழற்றிவிட்டார், மறுநாள் 27 ஆகக் குறைந்து வெளியே. டை காரணம் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் கட்சிக்குப் பிடித்ததைச் சொன்னபோது இவர் மட்டும் ஒப்பந்தம் இல்லாத பிரெக்ஸிட் நடக்காத காரியம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டவர்களுக்கு அடுத்த தேர்தலில் சொந்தத் தொகுதி மிஞ்ச வேண்டும் என்ற கவலை. ஏன் பிரதமர் ஆகவில்லை என்ற உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்: அவருக்குத் தெரிந்தது ஊரை ஜெயிக்கிற வித்தை, அந்தப் பதவிக்கு முதலில் ஜெயிக்க வேண்டியது 313 சக ஊழியர்களை.

போரிஸ் ஜான்சன் பிரதமர் ஆனதும் கேபினட்டை விட்டு விலகினார். செப்டம்பர் 3-ம் தேதி ராத்திரி, ஒப்பந்தமில்லாத பிரெக்ஸிட்டைத் தடுக்கிற ஓட்டெடுப்பில் 21 டோரி எம்.பி.க்கள் சொந்த அரசை எதிர்த்தார்கள், அதில் இவரும் ஒருவர். இந்தியாவில் கொறடாவை மீறினால் பதவியே பறிபோகும், அங்கே எம்.பி. பதவி அப்படியே இருக்கும், கட்சிதான் போகும். அன்று இவர் ஒரு பத்திரிகையின் ஆண்டின் சிறந்த அரசியல்வாதி விருதை வாங்கிக்கொண்டிருந்தார். நீக்கிவிட்டோம் என்ற தகவல் போனில் குறுஞ்செய்தியாக வந்தது. சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸையும், 49 வருடம் எம்.பி.யாக இருந்த கென் கிளார்க்கையும் நீக்கினார்கள் என்றால் இவர் எம்மாத்திரம். சில வாரம் கழித்து நீக்கியவர்களில் பத்துப் பேரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, அக்டோபர் ஆரம்பத்தில், இவர் கட்சியை விட்டே விலகி, லண்டன் மேயர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்கிறேன் என்று அறிவித்துவிட்டார்.

ஏன் பென்ரித்திலேயே சுயேச்சையாக நிற்கவில்லை என்று கேட்பார்கள். ஒன்பது வருடம் நடந்த ஊர், எல்லோருக்கும் முகம் தெரியும். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. 2017-ல் அவருக்குக் கிடைத்தது சுமார் 60 சதவீதம். 2019 டிசம்பர் தேர்தலில் அதே தொகுதியில் கட்சி நிறுத்தியவர் நீல் ஹட்சன், கால்நடை மருத்துவர், கோமாரி வருடத்தில் டெவன் பக்கம் வேலை பார்த்தவர். பென்ரித்துக்கு அவரும் புதுசுதான். அவருக்கும் சுமார் 60 சதவீதம். நடந்தவருக்கும் அவ்வளவுதான், நடக்காதவருக்கும் அவ்வளவுதான்.

லண்டன் மேயர் முயற்சியில் ஜனங்கள் வீட்டில் வந்து ஒரு ராத்திரி தங்குகிறேன் என்று ஆரம்பித்தார், கொரோனா வந்து தேர்தலை ஒரு வருடம் தள்ளிப் போட, 2020 மே மாதம் விலகிக்கொண்டார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம், ஜோர்டானில் கொஞ்ச காலம், ஏழைகளுக்கு நேரடியாகப் பணமே கொடுக்கிற கிவ்டைரக்ட்லி அமைப்பில் தலைவர், 2022 மார்ச்சில் அந்தப் பாட்காஸ்ட். 2024 அமெரிக்கத் தேர்தலில் கமலா ஹாரிஸ் ஜெயிப்பார் என்று அடித்துச் சொல்லிவிட்டு, தோற்றதும் தப்புத்தான் என்றார். பழைய பழக்கம்.

தொகுதியைக் கேட்டீர்களானால், அது இப்போது இல்லை. எல்லையை மாற்றி வரைந்ததில் பென்ரித் அண்ட் த பார்டர் என்ற பெயரே 2024-ல் போய்விட்டது. ஹட்சன் லண்டன் ஓரத்தில் எப்பிங் ஃபாரஸ்ட் தொகுதிக்கு மாறி ஜெயித்தார். பென்ரித்தும் மேற்குக் கடலோரமும் சேர்ந்து பென்ரித் அண்ட் சால்வே என்று புதிதாக வந்த தொகுதியில் முதல் தேர்தலிலேயே ஜெயித்தது லேபர்.